காத்தாயி சொன்ன சாட்சி

வாசகர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். வாரந்தோறும் பத்திரிகையின் இந்த இடத்தில் காய்ச்சலையும் கொசுவையும் பற்றி எழுதுகிறவன் நான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். விசுவாசத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை விட்டுவிட்டு வேறொன்றை எழுத மனம் வரவில்லை...

குளுவாங் பக்கம் எங்கள் தோட்டம். ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருக்கும் தேவசகாயம் என் சிநேகிதர். இருவரும் ஒரே சபை. பெரிய கிராணி வேலை காலியாகி, அதை அவருக்கே தருவதாகத் தோட்ட மானேஜர் துரை சொல்லிவிட்டார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை உயர்ந்தால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பார்கள். ஜெபம், பாட்டு, சாட்சி... பிறகு எல்லாருக்கும் சாப்பாடு.

அதே வாரத்தில் இன்னொரு உத்தரவும் வந்தது. ரப்பர் விலை விழுந்து கிடக்கிறதே — ஆள் குறைக்க வேண்டுமாம். வேலைக்கு ஆகாதவர்களைக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்ற வேண்டுமாம். ஆகாதவர் யார் என்று குறிப்பது நான். பட்டியல் எழுதுவது தேவசகாயம். திங்கட்கிழமை காலை, ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டில் அதைப் படிப்பதாக ஏற்பாடு. அதுவரை மூச்சு விடக்கூடாது.

பட்டியலில் மாணிக்கம் என்ற ரப்பர் பால்வெட்டுக்காரர் பெயரும் இருந்தது. காலில் ஆறாத புண். நடக்க முடியாமல், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில் படுத்திருந்தார். ஊரில் அவருக்கும் அவர் மனைவி காத்தாயிக்கும் வீடு கிடையாது, நிலம் கிடையாது, வா என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

அந்தக் காத்தாயிதான் ஸ்தோத்திர விருந்துக்குச் சமைக்க வந்திருந்தாள்!

கூட்டம் தொடங்கியது. கர்த்தர் தம் பிள்ளையை உயர்த்தினார் என்று எங்கள் சபை உபதேசியார் உருக்கமாக ஜெபித்தார். இரண்டு பேர் எழுந்து சாட்சி சொன்னார்கள். மூன்றாவதாக அடுக்களை வாசலிலிருந்து ஒரு குரல்.

“ஐயா, நானும் ரெண்டு வார்த்தை பேசலாங்களா? நான் உங்க வேதக்காரி இல்லதான்...”

“பேசு காத்தாயி. கொழம்பு அடிப்பிடிக்காம பாத்துக்க, அது போதும்!” என்றார் உபதேசியார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

“ஆளக் கொறைக்கப் போறாங்கன்னு லயத்துல ஒருத்தரும் சரியா சாப்பிடல. நான் மட்டும் எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். பயப்படாதய்யா, பேரு எழுதுறது நம்ம கிராணியாரு, நம்மளக் கைவிட மாட்டாருன்னு. அவரப் பெரிய ஆளாக்கின உங்க சாமிக்கு ஒரு கும்புடு. அவ்ளோதாங்க.”

“ஆமென்” என்றது சபை.

தேவசகாயம் ஆமென் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பந்தி நடந்தது. அவர் உட்காரவே இல்லை. நான் கை கழுவ எழுந்தபோது பக்கத்தில் வந்து, “டிரெசரே, வாங்க. தொரை பங்களாவுக்குப் போலாம்” என்றார்.

“ஞாயித்துக்கெழமையிலயா?”

“நாளைக்கிப் படிச்சப்புறம் எதுக்குப் போறது?”

துரை வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “என்ன கிராணி, சண்டேகூட விட மாட்டியா?” என்றார் அவருடைய தோட்டத் தமிழில்.

தேவசகாயம் நின்றபடியே சொன்னார். “எனக்குப் பெரிய கிராணி வேலை வேணாங்க தொரை. இப்ப இருக்குற சம்பளத்துலயே ரெண்டு வேலையும் நானே பாக்குறேன். புதுசா ஆள் எடுக்க வேணாம். மாணிக்கம் பேர மட்டும் எடுத்துடுங்க.”

துரை அவரை உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“டிரெசர், அந்தக் கால் நல்லாகுமா?”

“தினம் கழுவி மருந்து வச்சா ஆறுங்க தொரை.”

“அப்புறம் ஏன் ஆகாதுன்னு எழுதின?”

புண்காரன் ஆஸ்பத்திரிக்கு வருவான், டிரெசர் லயத்துக்குப் போகமாட்டார் — இதுதான் எங்கள் வழக்கம். வராதவன் பெயருக்கு நேரே ‘ஆகாது’ என்று எழுதிவிடுவோம். மாணிக்கத்தின் காலை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதையும் துரையிடம் சொன்னேன்.

“ரெண்டு மாசம்” என்றார் துரை. “ஆறலன்னா கப்பல்.” பட்டியலை வாங்கி ஒரு கோடு போட்டார்.

திரும்பும் வழியில், “மத்தவங்க?” என்று கேட்டேன்.

“ஒரு பேரு எடுக்கத்தான் எங்கிட்ட ஏதோ இருந்துச்சு டிரெசரே. மத்தவங்களுக்குக் குடுக்க ஒண்ணுமில்ல.”

வீட்டில் அவர் மனைவி எஸ்தர் விஷயத்தைக் கேட்டார். “அப்ப நாம போட்ட சாப்பாடு?” என்றார்.

“தின்னவங்ககிட்ட திருப்பியா கேக்க முடியும்?” என்றார் தேவசகாயம். எஸ்தருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

உபதேசியாரிடம் அந்த வேலை இல்லை என்றாகிவிட்டது என்று மட்டும் சொன்னோம். காரணம் சொல்ல வேண்டாம் என்று தேவசகாயம் கேட்டுக்கொண்டார். உபதேசியார் வருத்தப்பட்டு, “நம்ம ஜெபத்துல எங்கயோ கொறை இருக்கு” என்றார்.

(இதை எழுத தேவசகாயத்திடம் பத்து தடவை கெஞ்சி, தோட்டத்தின் பெயரைப் போடமாட்டேன், அவர் பெயரையும் மாற்றிவிடுவேன் என்று சொன்ன பிறகே சம்மதித்தார்.)

நானும் எத்தனையோ ஸ்தோத்திரக் கூட்டங்களில் சாப்பிட்டிருக்கிறேன். வேலை கிடைத்ததற்கு, வீடு கட்டியதற்கு, சைக்கிள் வாங்கியதற்குக்கூட! கைக்கு வந்த ஒன்றை இன்னொருவருக்காக விட்டுக்கொடுத்ததற்கு யாராவது பந்தி போட்டிருக்கிறோமா? அப்படி ஒருநாள் வந்தால் அதைக் குறை என்கிறோம். கிடைத்ததையெல்லாம் ஆசீர்வாதம் என்று எழுதிப் பழகிவிட்டது... என்னைப்போல, பார்க்காமலே எழுதிப் பழகிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. பெரட்டில் பட்டியல் படித்தார்கள். அது முடிந்ததும் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைசி லயத்துக்கு நடந்தேன். மாணிக்கத்தின் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.