முன்னறையின் ஆறு ஸ்பீக்கர்கள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் போதும், ஊரில் பாதி வீடுகள் லாட்ஜாகிவிடும். வீட்டுக்காரர்கள் அடுப்படியில் ஒண்டிக்கொண்டு, நல்ல அறையை அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு விடுவார்கள். ஜெயபிரியா வீட்டில் இருப்பது அண்ணன் தங்கை இரண்டே பேர். சீசன் வந்ததும் அண்ணன் முத்துச்செல்வம் முன்னறையிலிருந்து அவளுடைய கட்டிலைத் தூக்கி அடுப்படியில் போட்டுவிடுவான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணம் ஆகாதவள் ஒதுங்கித்தானே போகவேண்டும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். இப்போது நினைத்தால் அவளுக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆலங்குளத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிற அவளுக்குப் பாட்டு என்றால் ஒரே கிறுக்கு. போன சீசன் முடிந்ததும் முன்னறையில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஸ்பீக்கர் நிறுத்தியிருந்தாள். அவற்றை மேய்க்க ஒரு டிஜிட்டல் கிராஸ்ஓவர். வருகிற பாட்டைப் பிரித்து, கனத்த தாளத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும், குரலை நடு ஸ்பீக்கருக்கும், ஜால்ராச் சத்தத்தைச் சின்ன ட்வீட்டருக்கும் அனுப்புகிற பெட்டி அது. எது எங்கே பிரிய வேண்டும், எது மயிரிழை தாமதித்து வரவேண்டும் என்பதையெல்லாம் லேப்டாப்பிலேயே மாற்றலாம். மைக் வைத்து அளந்து அளந்து அந்த அறையின் சுவருக்கும் ஜன்னலுக்கும் தன் நாற்காலிக்கும் தோதாக எல்லாவற்றையும் அமைத்திருந்தாள். இடம் மாறினால் அத்தனையும் வீண். கனத்த தாளம் உள்ளே போய்க் கருக்கிவிடாதபடி ட்வீட்டருக்குக் காவலாக ஒரு கெபாசிட்டர் போடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். "என் ரூம்ல என்னையத் தவிர எவன் தொடப்போறான்?" என்று வீம்புக்குப் போடாமல் விட்டாள்.

"இந்த வருசம் ரூம் கெடையாதுண்ணே" என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள். அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், ஸ்பீக்கர் பெட்டிகள் அடுப்படியில் கிடக்கின்றன. முன்னறையில் சாத்தூர்க் குடும்பம் ஒன்று ஈரத்துண்டு காயப்போட்டுக்கொண்டிருக்கிறது. வீடெல்லாம் கருகல் வாடை.

"ஒயர மாட்டி, ஓடுதான்னு பாத்தேன்ட்டி. ரெண்டு சின்னது மட்டும் டப்புன்னுட்டு" என்றான் அண்ணன்.

பெரிய ஸ்பீக்கரின் ஒயரை ட்வீட்டரில் மாட்டியிருந்தான். அவளுக்கு அழுகை முட்டியது. அழுதாள். அழுதுகொண்டே பெரிய ஸ்பீக்கரைக் கட்டித் தூக்கி முன்னறைக்குக் கொண்டுபோய், பழைய இடத்திலேயே வைத்தாள்.

"ஏட்டி, வந்தவுக முன்னால என்ன கூத்து இது?"

"வீடு ரெண்டு பேரு பேர்லயும்தான இருக்கு? இது என் ரூம்." சாத்தூர்ப் பெண்ணிடம் திரும்பினாள். "அக்கா, ஒங்க மேல ஒரு கோவமும் இல்ல. எங்க அண்ணன் ரூம் காலியா இருக்கு, ஏசியும் உண்டு. அங்கன போயிருங்க."

அந்தப் பெண் அண்ணனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஊர்ல சிரிப்பாவ. ஒத்தப் பொம்பள கேக்கதுக்கு ஆறு ஸ்பீக்கரா?"

"ஆமா. ஒத்தப் பொம்பள கேக்கதுக்குத்தான்."

மிச்சத்தையும் அவளே சுமந்தாள். அவன் கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்றாள். செத்த ட்வீட்டர்களை லேப்டாப்பில் அணைத்துவிட்டு, மீதி நாலில் பாட்டை ஓடவிட்டாள். ஜால்ராச் சத்தம் இல்லாமல் பாட்டு மங்கல்தான். போகட்டும், புது ட்வீட்டர் வாங்கிக்கொள்ளலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

முத்துச்செல்வம் கதவைத் தள்ளிக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வெளிய போயி, கதவத் தட்டிட்டு வாண்ணே."