புகை மட்டும்தான் என்று சொன்னேன்

மூன்று வருஷமாக நான் யாங்கூனுக்கு அக்கரையில், டாலாவில் இருக்கும் எங்கள் சின்னக் கோவிலுக்கு வானிலைக்காரனாக இருந்தேன். யாரும் என்னை நியமிக்கவில்லை, நானே ஏறி உட்கார்ந்துகொண்ட நாற்காலி அது. எனக்கு இக்கரையில், யாங்கூனின் அலோனில் வேலை, சரக்குப் படகுகள் அனுப்பும் ஒரு கம்பெனியில். படகை ஆற்றில் விடலாமா கூடாதா என்று பார்ப்பதற்காகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு வானிலைக் கணிப்பு எங்கள் ஆபீசுக்கு வந்துவிடும். குடியிருப்பதும் இக்கரையில் கியாக்டடாவில்தான் என்றாலும், ஞானஸ்நானம் வாங்கிய கோவிலை விட மனமில்லாமல் ஞாயிறுதோறும் ஆற்றைக் கடந்து போவேன். பூசை முடிந்து உபதேசியார் அறிவிப்புகளை வாசித்ததும் என் பக்கம் திரும்புவார். நான் எழுந்து, வருகிற வாரம் மழையா வெயிலா என்று தமிழில் சொல்லுவேன்.

டாலாவில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். போனில் வருகிற சேதிகளில் பாதி வதந்தி. அதனால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆபீசில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அந்தக் கோடையில் புகை வந்து உட்கார்ந்துகொண்டது. வடக்கே மலைகளில் காடு எரிகிறது என்றார்கள். எங்கள் படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. காலை பத்து மணிக்கும் சூரியன் சிவப்பாகவே இருந்தது, துவைத்துக் காயப்போட்ட சட்டையில் அடுப்படி வாசனை அடித்தது. கணிப்பில் தினமும் இரண்டு விஷயம் இருக்கும்: புகைமூட்டம் நீடிக்கும், பிற்பகலில் சில இடங்களில் இடியும் சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும் வரலாம்.

முதல் ஞாயிறு இரண்டையும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை தெருவில் நடத்தவிருந்த சிலுவைப்பாதையைக் கோவிலுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். ஒரு சொட்டு விழவில்லை. அடுத்த ஞாயிறும் சொன்னேன். என் பேச்சை நம்பி மீனை வெளியில் காயப்போடாமல் வைத்திருந்த ஒருவருக்கு அத்தனையும் நாறிப்போனது. மறுவாரம் நான் படகிலிருந்து இறங்கிக் கோவில் வாசலுக்கு வந்தபோது, மோ ஸயா வருகிறார், குடையை விரியுங்கள் என்று யாரோ சொன்னார்கள். பர்மிய மொழியில் மழை வாத்தியார் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தாறு வயது மனிதன் இதற்கெல்லாம் முகம் சுருங்குவானா என்றால், சுருங்கினேன்.

அன்றைக்குச் சட்டைப்பையில் இருந்த கணிப்புத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. வாரத்தின் முதல் பாதியில் யாங்கூனிலும் ஆற்று முகத்துவாரப் பக்கமும் கடுமையான இடிமழைக்கு வாய்ப்பு. உபதேசியார் என்னைப் பார்த்தார். பின்வரிசையில் இரண்டு பேர் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். நான் எழுந்து, புகை மட்டும்தான், மழை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்ததும் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். வீட்டில் தையல் மிஷின் வைத்துத் தைப்பவள். அவளுடைய புருஷன் அலோன் துறையில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். நெஞ்சு கெட்டுப்போய், அந்தப் புகையில் படுக்கவும் முடியாமல் தலையணைகளில் சாய்ந்தே இருந்தார். அவர்கள் வீட்டுக்கு டனி ஓலைக் கூரை, ஆற்றோரம் வளருமே, அந்த ஓலைதான். டாலாவில் மழைக்காலத்துக்கு முன் பழைய ஓலையை மூங்கில் தெரிய முழுசாக உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வேய்வார்கள். இரண்டு நாள் வேலை. அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு நாள் குறித்து வருவார்கள், அந்த நாளை விட்டால் மறுபடி ஆள் சேராது.

"ஸயா, செவ்வாக்கிழமை பிரிக்கலாம்னு இருக்கோம். இவரு ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கிறாரு, அடுத்த வீட்டுக்கும் வரமாட்டேங்கிறாரு. உள்ளயே தார்ப்பாய் கட்டி வச்சிக்கிறேன். மழை கிழை வராதுல்ல?"

தாள் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். சிரிக்கக் காத்திருந்த அந்த இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தாராளமாப் பிரிங்க" என்றேன்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் புதுக் கணிப்பு வந்தது. இன்று பிற்பகல் என்றே போட்டிருந்தது. எங்கள் படகுகள் எல்லாவற்றையும் கரையில் கட்டச்சொல்லி நானே உத்தரவு எழுதிக் கொடுத்தேன். அப்புறம் போனைக் கையில் எடுத்தேன். அவளுடைய நம்பர் இருந்தது. ஆறு மணிக்கே ஓலையைப் பிரித்திருப்பார்கள், இனிச் சொல்லி என்ன என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தெரியாதா என்று கேட்பாளே என்று நினைத்தேன். இரண்டு வாரம் வராத மழை இன்றைக்கும் வராமல் போகலாம் என்றும் நினைத்தேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன்.

மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் காற்று, பிறகு கிடங்கின் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி. பேசுவது காதில் விழவில்லை. ஒரு மாசத்துப் புகையைக் கழுவ வந்த மழை என்று ஆபீசில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கட்டிகளைப் பிடித்தார்கள். எனக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தார்ப்பாய் முதல் காற்றிலேயே பறந்துவிட்டதாம். அவள் தையல் மிஷினின் மேல்பலகையைக் கழற்றி அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆட்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அரைமணி நேரம் நனைந்துவிட்டார். மறுநாள் காய்ச்சல், பிறகு நிமோனியா. படகில் படுக்க வைத்து இக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். அடக்கத்தின்போது வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாங்கூன் கட்டடங்கள்கூடத் தெரிந்தன. நான் குழிக்குப் பக்கத்தில் போகாமல் பின்னால் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து, மனசு கேட்காமல், ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். புதுக் கூரை போட்டிருந்தார்கள். அவள் டீ கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தாளில் மழை இருந்தது, கேலிக்குப் பயந்து நான்தான் மறைத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். பிறகு, இரண்டு வாரம் சொல்லியும் வரவில்லையே, சொல்லியிருந்தாலும் நாங்கள் பிரித்துத்தான் இருப்போம் என்றாள். அவருக்கு நெஞ்சு முன்னாலேயே போய்விட்டது என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் காலையில யாராச்சும் ஒரு போன் பண்ணியிருந்தாப் போதும் ஸயா" என்றாள். "அவரு வேணாம்னாலும் நாலு பேரை வச்சித் தூக்கிட்டுப் போயிருப்பேன். காலையில யாருக்குத் தெரியும்?"

ஒன்பது மணித் தாளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். டீயைக் குடித்தேன். படகுகளைக் கட்டச்சொல்லி நான் எழுதிய உத்தரவைப் பற்றியும் சொல்லவில்லை.

அவள் படகுத்துறைவரை கூடவே நடந்து வந்தாள். எதிர்ப்பட்ட ஒரு பெண்ணிடம் என்னைக் காட்டி, தன் தப்பைத் தானே வந்து சொன்ன மனுஷன், இந்தக் காலத்தில் யார் இப்படி வருவார்கள் என்றாள். அந்த நல்ல பெயரை வாங்கிக்கொண்டு படகில் ஏறினேன். டாலாவில் இன்றும் எனக்கு அந்தப் பெயர்தான்.