சீட்டுக்கு அடியில் இருந்த எண்

எங்கள் அண்ணன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். தண்டவாள வேலை பார்த்த அப்பா, தலைப்பிள்ளை பிறந்த ஆண்டில் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கினார். "எனக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்று அண்ணன் பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பெருமைதான் பின்னாளில் அவரை அலைக்கழித்தது.

ஆயுத பூசைதோறும் அம்மா சைக்கிள் சீட்டுக்கு அடியிலுள்ள இரும்புக் குழாயில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஹேண்டில்பாரில் வைத்தால் மழையில் கரைந்துவிடுமாம். தீபாவளிக்கு முன் அப்பா கருப்புப் பெயிண்ட் அடிப்பார். சாமிப் பொட்டைத் துடைக்க மனம் வராமல் அதன் மேலேயே அடித்துவிடுவார். சைக்கிள் கம்பெனி எண்ணைக் கொத்தியிருந்ததும் அதே இடத்தில்தான். வீட்டில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

எழுபதுகளில் அப்பா தவறினார். அடுத்த மாதமே கோயில் வாசலில் நிறுத்திய சைக்கிள் களவு போனது. போலீசில் முதலில் நம்பரைக் கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. "அவருதான் போயிட்டாரு, அதுவுமா போவணும்?" என்று அழுத அம்மா, சைக்கிள் திரும்பும்வரை வீட்டில் ஆயுத பூசை கிடையாது என்று சொல்லிவிட்டார். அம்மா சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் அண்ணன் அவருக்கு மேல். "நான் கொண்டாறேன்மா" என்றார்.

பழைய சைக்கிள்களைக் குனிந்து குனிந்து பார்த்தே, எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தை வைத்து அது எந்த ஆண்டில் தயாரானது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார். தாம் பிறந்த ஆண்டின் எழுத்தைத் தேடி, ஞாயிறுதோறும் பெட்டாலிங் ஜெயா, கிள்ளான், மேரு என்று சுற்றினார். உறவினர்கள் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செமினி ஊரில் பெண் பார்க்கப் போன வீட்டிலும் வாசலில் நின்ற சைக்கிளைத்தான் முதலில் பார்த்தார். அண்ணி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

"என் கல்யாணத்துக்குப் புதுசா வாங்குனது தம்பி" என்றார் அண்ணியின் அப்பா.

எழுத்தோ அவர் சொன்ன கல்யாண ஆண்டுக்கு முந்தைய ஆண்டைக் காட்டியது. கப்பலேறி வந்து, கடையில் தொங்கி, விலைபோவதற்குள் ஓர் ஆண்டு ஓடியிருந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பா சைக்கிள் எனக்கு மூத்தது லா! இத்தனை வருசமா தப்பான எழுத்தைத் தேடியிருக்கேன்!"

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தார். முன்பு வேண்டாமென்று ஒதுக்கிய சைக்கிள்களை எல்லாம் மறுபடியும் தேடிப் போனார்.

அவற்றில் ஒன்று மேருவில் பால் ஊற்றும் ஓர் அக்காவுடையது. பெயிண்ட் உரிந்த இடத்தில் முந்தைய ஆண்டின் எழுத்து மட்டும் தெரிந்தது. "கொஞ்சம் சுரண்டிப் பாக்கட்டா அக்கா?" என்று கேட்டு, நகத்தால் சுரண்டினார். எண்களின் பள்ளங்களில் குங்குமம் உறைந்திருந்தது. அண்ணன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

அந்த அக்கா திருட்டுச் சைக்கிள் என்று தெரியாமல் விலைக்கு வாங்கியவர். விவரம் கேட்டதும், "அம்மா பொட்டு வச்ச வண்டிய நான் எப்படி வச்சிக்கிறது? எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. ஆனா நாளைக்குப் பால் ஊத்த நான் எதுல போறது?" என்றார். அண்ணன் தாம் ஓட்டி வந்த சைக்கிளை அவரிடம் விட்டுவிட்டு, அப்பாவின் சைக்கிளில் வீடு வந்தார். அம்மா வாசலிலேயே அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் பூசை நடந்தது.

பல ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் வந்து படுத்தபோதும் அண்ணன் தளரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாவது போய் அந்தச் சைக்கிளைத் துடைப்பார். அவரைத் தாங்கிய அண்ணிக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், தோள் கொடுத்த ரயில்வே நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் கொடுத்த சைக்கிளிலேயே மேருவிலிருந்து அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. வரும் ஆயுத பூசைக்குத் தங்கை நான்தான் பொட்டு வைக்க வேண்டும். அதே இடத்தில்தான் வைப்பேன். அதன் மேல் பெயிண்ட் அடிக்க மட்டும் யாரையும் விடமாட்டேன்.