மலையிலிருந்து சல்மா இறங்கி வந்த நாள்

அப்பா போன பிறகு நான் சாமி கும்பிடுவதை நிறுத்தியிருந்தேன். இதை முதலில் சொன்னால்தான் முருகன் எனக்கு என்ன செய்தான் என்பது உங்களுக்கு விளங்கும்.

அரபு நாட்டில், சலாலா என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸாக இருக்கிறேன். கிட்னி வேலை செய்யாமல் போனவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடுவதுதான் என் வேலை. ஊர் கோவில்பட்டி பக்கம். அங்கே என் அப்பாவுக்கும் இதே நோய் வந்தது. கால் வீங்குகிறது என்று போனில் சொன்னார். வெயிலில் அலைந்தது, சரியாகிவிடும் என்று அவரே சிரித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டும்போது இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருந்தது. லீவு கிடைத்து டிக்கெட் போட்டேன். கிளம்புவதற்குள் போய்விட்டார். யார் யாருக்கோ தினமும் மெஷின் போடுகிற கை, பெற்றவருக்கு ஒரு தடவைகூடப் போடவில்லை. அந்த ஆத்திரம் எனக்குச் சாமிமேல் திரும்பியது. வீட்டில் விளக்கு ஏற்றுவது என் வீட்டுக்காரர்தான். நான் சாமி அறைப் பக்கமே போக மாட்டேன்.

அந்த நாட்களில்தான் சல்மா எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்தார். சலாலாவுக்கு மேலே உள்ள மலையில் காலங்காலமாக மாடும் ஒட்டகமும் வளர்த்து வாழும் ஜனம் அவர்கள். அவர்கள் பேசுவது அரபிகூட இல்லை, தனி பாஷை. சல்மாவும் நானும் அரைகுறை அரபியிலும் கையாலும் பேசிக்கொள்வோம். என் பெயர் செல்வி. அவர் வாயில் அது சில்வி. வாரம் மூன்று தடவை, எதிரே வரும் வண்டி தெரியாத பனியில், அவர் கணவர் முசல்லம் பிக்கப்பில் கூட்டி வருவார். டயாலிசிஸ் முடிந்தால் ஆண்களே துவண்டு படுத்துவிடுவார்கள். சல்மா முந்தானையை உதறுவதுபோலத் தன் கறுப்புத் துணியை உதறிப் போர்த்திக்கொண்டு எழுந்துவிடுவார். "மாடுகள் பார்த்துக்கொண்டிருக்கும்" என்பார். நான் முகம் வாடி இருந்தால் என் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுப்பார். எனக்காக துவா செய்கிறார் என்று தெரியும். எனக்கு நானே வேண்டிக்கொள்ளாத காலத்தில் எனக்காக வேண்டிய மனுஷி அவர்.

போன ஐப்பசியில், சஷ்டி விரதம் தொடங்கிய வாரம், கடலில் புயல் உருவாகி மலையில் மழை கொட்டியது. செவ்வாய்க்கிழமை சல்மா வரவில்லை. முசல்லம் போன் செய்தார்.

"மாஃபி ரோடு, ரோடே இல்லை, சிஸ்டர். வெள்ளம் ரோட்டைத் தின்றுவிட்டது."

அவர்கள் ஊருக்குக் கீழே தார் ரோட்டில் ஒரு பெரிய துண்டே இல்லை என்றார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பேரீச்சம்பழம் வேண்டாம். வாழைப்பழம், இளநீர் வேண்டவே வேண்டாம். தாகம் எடுத்தால் உதட்டை மட்டும் நனைக்கட்டும். இந்த நோயாளிகளுக்குப் பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும்.

வியாழக்கிழமையும் மழை விடவில்லை. காலையில் முசல்லம் மறுபடி கூப்பிட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. சல்மாவால் படுக்க முடியவில்லையாம். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். போனில் எனக்கே அந்த இழுப்பு கேட்டது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

டாக்டரிடம் ஓடினேன். "இன்றைக்கு மெஷின் போட்டாக வேண்டும். நாளை வரை தாங்காது" என்றார். ஹெலிகாப்டருக்குக் கேட்டார்கள். மலையை மேகம் மூடியிருக்கிறது, இறங்க முடியாது என்று பதில் வந்தது. ரோடு உடைந்த இடத்துக்குக் கீழ்ப்பக்கம் வரை ஆம்புலன்ஸ் போகும். அதற்கு மேல்?

போனில் முசல்லத்திடம் கேட்டேன். "வேறு வழியே இல்லையா?"

அவர் சொன்னார். "பழைய மாட்டுப் பாதை ஒன்று இருக்கிறது. உடைப்பைச் சுற்றிக்கொண்டு ரோட்டின் கீழ்ப்பக்கத்தில் இறங்கும். ஆனால் அது சயீத் வீட்டார் நிலம்."

சயீத் பக்கத்துக் குன்றுக்காரர். மேய்ச்சல் நிலத் தகராறில் இரண்டு குடும்பமும் பல வருஷமாக ஸலாம்கூடச் சொல்வதில்லை. அந்தப் பாதையில் முசல்லத்தின் ஆட்கள் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. சல்மாவைத் தூக்கிவர இவர் வீட்டில் போதுமான ஆண்களும் இல்லை.

"அவரிடம் கேளுங்கள்" என்றேன்.

"எந்த முகத்தோடு கேட்பேன், சிஸ்டர்?" என்று அழுதுவிட்டார்.

எங்கள் யூனிட்டில் மருந்து கேன்கள் அடுக்கிய சின்ன ஸ்டோர் ரூம் உண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நின்றபடியே பேசினேன். "முருகா, என் அப்பாவை எடுத்துக்கொண்டாய். நான் உன்னோடு பேசவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன். இந்தப் பொம்பளையை விட்டுவிடு. நீ மலையில் இருக்கிறவன்தானே. உனக்குத் தெரியாத பாதையா? ஒரு வழியைத் திற." அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை. மனசு ஆறவில்லை. நம்பிக்கை வந்ததென்றும் சொல்ல மாட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்க வந்தேன்.

அடுத்த பேஷண்டுக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே முசல்லம் கூப்பிட்டார். பின்னால் ஒரே ஆண்கள் சத்தம். "வந்துவிட்டார்கள், சிஸ்டர். சயீதே வந்துவிட்டார். தம்பிகள், மகன்கள் எல்லாரும். நான் கேட்கவே இல்லை. பெண்கள் வழியாகத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள்."

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. டாக்டரிடம் சொல்லி ஆக்ஸிஜனோடு ஆம்புலன்ஸில் ஏறினேன்.

ரோடு முடிந்த இடத்தில் காத்திருந்தோம். மழையும் மேகமும் மறைத்து எதுவும் தெரியவில்லை. முதலில் குரல்கள்தான் வந்தன. அப்புறம் ஆட்கள் தெரிந்தார்கள். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சல்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கம்புகளில் கட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். மேலே தார்ப்பாயை நான்கு பேர் பிடித்திருந்தார்கள். சேற்றில் ஒருவர் வழுக்கினால் அடுத்தவர் தோள் கொடுத்தார். ஒருவர்கூட நாற்காலியைச் சாயவிடவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்து என்னை அறியாமல் கும்பிட்டேன்.

முன் கம்பைச் சுமந்தவர் வெறுங்காலோடு இருந்தார். பாதத்தில் ரத்தம். "நீங்கள்தான் சயீதா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். அவரே சொன்னார்.

"நிலம் எங்கேயும் ஓடிவிடாது, சிஸ்டர். அதைப் பிறகு பேசிக்கொள்கிறோம். யல்லா, சீக்கிரம் இவளைக் கொண்டுபோ."

ஆஸ்பத்திரியில் மெஷின் தயாராக இருந்தது. என் கையால்தான் ஊசி ஏற்றினேன். நீர் வடிய வடிய சல்மாவின் மூச்சுத் திணறல் இறங்கி வந்தது. நீலம் பாய்ந்திருந்த உதடு சிவந்தது. மாலையில் கண் திறந்து, "சில்வி, சாப்பிட்டாயா?" என்றார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவு வந்தது. சஷ்டி விரதம் என்று சொன்னேன். அந்த நிமிஷம்தான் அது என் விரதம் ஆனது. வெளியே பெஞ்சில் முசல்லமும் சயீதும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சல்மா இன்றும் வாரம் மூன்று நாள் வருகிறார். இரண்டு வீட்டு மாடுகளும் இப்போது ஒரே சரிவில் மேய்கின்றன. மலையிலுள்ள சின்ன ஹெல்த் சென்டரின் டாக்டர், அன்று நடந்ததைக் கேட்ட பிறகு, மாதம் ஒரு நாள் எல்லாருக்கும் பிரஷர், சுகர், யூரின் பார்க்க ஆரம்பித்தார். லீவு நாளில் நானும் போவேன். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவார். முதல் தடவை வரிசையில் நின்ற சயீதுக்கே யூரினில் புரதம் போவது, அதாவது கிட்னி பழுதாகத் தொடங்கியிருப்பது, தெரிந்தது. ஆரம்ப நிலைதான். மாத்திரையும் பத்தியமுமாக நன்றாக இருக்கிறார். அன்று அவர் சல்மாவைச் சுமக்க வராமல் இருந்திருந்தால் அந்த வரிசைக்கும் வந்திருக்க மாட்டார்.

நம் சஷ்டிக் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது ஒரு அக்கா கேட்டார், "அப்பாவை ஏன் காப்பாற்றவில்லை என்பதற்குப் பதில் கிடைத்ததா?" என்று. கிடைக்கவில்லை, அக்கா. அந்த வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் கூப்பிட்டது கேட்டது. மழையை அவன் நிறுத்தவில்லை, மனுஷங்களை அனுப்பினான். கோபத்தில் இருக்கிறவர்கள் கோபத்தோடேயே அவனிடம் பேசுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் ஸ்டோர் ரூமில் நின்று சண்டை போட்டதைக்கூட அவன் பிரார்த்தனையாக எடுத்துக்கொண்டான்.