பொடி விளம்பரமும் என் முகூர்த்தப் பட்டும்

விளம்பரத்தில் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதிலும் அடுப்படியில் நின்று சிரிக்கிறவர்களை நம்பவே மாட்டேன். வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்பது என்று நான் முடிவு செய்தபோது, லேபிளுக்கு மாதிரி வேண்டும் என்று என் மகள் அந்தக் காலத்து மசாலா விளம்பரங்களை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள்.

"விண்டேஜ்தாம்மா இப்ப டிரெண்டு" என்றாள்.

முதலில் ஒரு பெருங்காய விளம்பரம். கோட்டும் டையும் போட்ட கணவன் வாசற்படியில் நின்று, மூக்கை மேலே தூக்கி, கண்ணை மூடிச் சிரிக்கிறான். உள்ளே மனைவி ரசம் தாளிக்கிறாளாம். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மத்தியானம் வந்தால் மூக்கையெல்லாம் தூக்க மாட்டார். "இன்னும் ஆவலையா?" என்பார். இந்தக் கோட்டுக்காரன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. வேலை போயிருக்கும். சொல்லப் பயந்துகொண்டு ரசத்தைச் சாக்காக வைத்துச் சிரிக்கிறான்.

அடுத்தது மிளகாய்த்தூள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு டாக்டர் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுகிறார். காரத்தைக் குறை என்று சொல்லாத டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. இவர் இப்படிச் சாப்பிடச் சொல்லிவிட்டு, வயிற்றெரிச்சலுக்கு அடுத்த வாரம் தன்னிடமே வரட்டும் என்று ஆள் பிடிக்கிறார்.

மூன்றாவது சாம்பார் பொடி. மாமியார் ஒரு வாய் ருசித்ததும் தன் தங்க வளையலைக் கழற்றி மருமகள் கையில் போடுகிறாள். என் மாமியாரும் நல்லவர்தான். சாம்பார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் "உப்பு சரியா இருக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒரு வாய்க்கே வளையல் வருகிறதென்றால் அந்தப் பொடியில் என்ன கலந்தார்கள் என்று விசாரிக்க வேண்டாமா?

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சா எப்டிமா?" என்றாள் மகள்.

"அடியில இன்னா எழுதியிருக்கான் படி."

'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று படித்தாள். அவன் பொடியை யார் சந்தேகப்பட்டார்கள்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

இத்தனை சொல்லியும் மகள் விடவில்லை. அந்த விளம்பரப் பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில்தான் சமைக்கிறார்கள், முகத்தில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. நானும் அப்படிப் பட்டு கட்டிக்கொண்டு, கரண்டி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒரே பட்டு, கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் எடுத்துத் தந்த முகூர்த்தப் புடவை. கட்டினேன், நின்றேன், வெட்கத்தை விட்டுச் சிரிக்கவும் செய்தேன். லேபிள் அச்சாகி வந்தது. பாக்கெட்டுகளை எங்கள் தெருமுனைக் கடையில் வைத்தோம்.

ஒன்றும் போகவில்லை. எடுத்துப் பார்க்கிறார்கள், திரும்ப வைத்துவிடுகிறார்கள் என்றார் கடைக்காரர். நாங்கள் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். நாங்கள் மாகறல் பக்கத்திலிருந்து வந்தவர்கள், எங்களைத் தவிர தெருவில் எல்லாம் தறி வீடுகள். எதிர்வீட்டு அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்து தறிச் சத்தம்தான். அவரிடமே போய்க் கேட்டேன். சொல்லத் தயங்கினார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. போட்டோல அந்த ஜரிகையப் பாத்தா டூப்ளிகேட் மாதிரி இருக்குது. பட்டுலயே ஏமாத்தறவங்க பொடில இன்னா கலக்கறாங்களோன்னு பேசிக்கிறாங்க."

பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் படிப்பதில்லை. படத்தில் இருப்பவள் புடவையின் கரையைத்தான் பார்க்கிறார்கள்.

பொடி விற்காமல் போனால் போகட்டும், நாங்களே இட்லிக்குத் தொட்டுக்கொள்வோம். என் மனம் புடவையில் போய் மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஆட்டோவில் ஏற்றிப் பட்டுக்கடைகளில் இறக்கிவிடுகிறவர். எந்தக் கடையில் என்ன தில்லுமுல்லு என்று இவருக்கு அத்துப்படி. இவரையா ஒருத்தன் ஏமாற்றியிருப்பான்? தெரிந்தேதான் எனக்குப் போலியைக் கட்டி மணவறையில் உட்கார வைத்தாரா? அன்று முழுக்க அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவரோ கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பதாகத் தோன்றியது.

மறுநாள் அவர் சவாரிக்குப் போனதும் புடவையை விரித்தேன். எதிர்வீட்டு அம்மா வழி சொல்லியிருந்தார். ஜரிகை இழையைச் சுரண்டினால் அசலில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும், போலியில் வெள்ளை நூல் இருக்கும். முந்தானை ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டினேன். மினுமினுப்பு உதிர்ந்து, உள்ளே ரத்தமாய்ச் சிவந்த நூல் வந்தது. படத்தில் வெளுத்துத் தெரிந்தது அச்சுக்காரன் வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து இவர் தண்ணீர் குடிக்க வந்து நின்றார். விரித்த புடவையைப் பார்த்தார், என் விரலில் இருந்த இழையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"இன்னா கலருமா?" என்றார்.

"செவப்பு."

"நெஜமாவா?" கிட்ட வந்து இழையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப உங்களுக்கே தெரியாதா?"

"வித்தவன் அசல்னுதான் சொன்னான். தாலி கட்டினதுக்கு அப்பறம் ஸ்டாண்டுல ஒருத்தன், அவன்கிட்டயா வாங்கினே, போச்சுன்னான். சொரண்டிப் பாத்து வெள்ளையா இருந்துட்டா உன் மூஞ்சில எப்டி முழிக்கிறது? அதான் பாக்கவே இல்ல."

மகள் காலேஜே முடித்துவிட்டாள். இத்தனை வருடத்தில் நான் அந்தப் புடவையோடு போன எந்தக் கல்யாணத்திலும் இந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பந்தியைக் கவனிக்கிறேன் என்று எழுந்து ஓடிவிடுவார். சாப்பாட்டு ராமன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.