ரெக்கார்டில் பாடிய பெண்

போன சனிக்கிழமை ஒரு பெண்ணின் குரல் மேல் எனக்குக் காதல் வந்தது. மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் கவலைப்படவில்லை. என்னை அவளுக்குத் தெரியாதா?

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் நல்ல மழை. குடை காரில். கார் எந்தத் தெருவில் என்பது கொஞ்சம் சந்தேகம். கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கினேன். உள்ளே பழைய ரெக்கார்டு கடை. அங்கேதான் அவள் பாடிக்கொண்டிருந்தாள். தபலா குதிரை மாதிரி ஓட, அதற்கு மேலே துள்ளும் குரல்.

"பாடுறது யாரு, அக்கா?"

"தெரியலண்ணே. நம்ம ஊரு பழைய பேண்டு. லேபிள்ல பேரு அழிஞ்சு போச்சு லா" என்றார் கடைக்கார அக்கா.

கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். "இப்படி ஒரு பெண் குரல் இப்ப ஏது, அக்கா?" என்று தீர்ப்பும் சொன்னேன். வாங்கிவிட்டேன்.

வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. என்னுடையது இல்லை. மனைவியின் அண்ணன், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் மச்சான், தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று எங்களிடம் விட்டிருந்தார். ரெக்கார்டு ஒன்றுகூடத் தரவில்லை. என் கை மேல் அவ்வளவு நம்பிக்கை.

"கேக்கணும்னா கேளுங்க மாப்ள. எதையும் திருகாதீங்க."

தன் பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போனபோதுகூட மனிதர் இவ்வளவு சொன்னதில்லை.

ஊசியை வைத்தேன். பாடியது... ஓர் ஆண். அதுவும் மதியச் சாப்பாடு முடிந்து தூக்கம் வருகிறவர் மாதிரி, மெதுவாக.

"நீங்க சொன்ன பொண்ணு எங்க?" என்றாள் மனைவி.

"வருவா."

வரவில்லை. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அவரேதான்.

"அண்ணன் மெஷின என்ன பண்ணி வச்சீங்க?"

சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? மிக்சியையும் நான் ஒன்றும் செய்யாமல்தான் கெடுத்தேன். மோட்டார் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து மச்சானிடமிருந்து போன். நாளைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

"மெஷின் ஓடுதா மாப்ள?"

"ஓடுது மச்சான்."

பொய் இல்லை. ஓடத்தான் செய்தது. நொண்டிக்கொண்டு.

தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். படிக்கட்டுகள் ஞாபகம் வந்ததும் அர்ச்சனையாகக் குறைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடை திறந்ததும் ரெக்கார்டோடு போய் நின்றேன். அக்கா தன் மெஷினில் போட்டார். அங்கேயும் அதே தூங்குமூஞ்சி மனிதர்!

அக்கா குனிந்து மெஷினின் ஸ்பீட் குமிழைப் பார்த்தார்.

"அண்ணே... நேத்து நீங்க வர்றதுக்கு முன்ன ஒரு அங்கிள் சின்ன ரெக்கார்டு போட்டுக் கேட்டாரு. அது வேகமா சுத்தணும். அப்புறம் இந்தப் பெரிய ரெக்கார்ட போட்டப்ப ஸ்பீட குறைக்க மறந்துட்டேன். ராத்திரி கடைய மூடறப்பதான் குறைச்சேன்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"பொண்ணே இல்ல லா. இவரத்தான் வெரட்டி வெரட்டிப் பாட வச்சிருக்கேன்."

"உங்களுக்குமா தெரியலக்கா?"

"வேகமா இருக்கேன்னு தோணுச்சு. நீங்க கண்ண மூடித் தலைய ஆட்டுனீங்களா... சரி, விஷயம் தெரிஞ்சவரு போலன்னு விட்டுட்டேன்."

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். எனக்கு வந்தது நிம்மதி. மெஷின் கெடவில்லை! இசை ஞானம் போனால் போகட்டும், மச்சான் உறவு பிழைத்ததே.

காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார் அக்கா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். அந்த மனிதர் தூங்கவே இல்லை. ஒவ்வொரு வரியையும் விட மனசில்லாமல் விடுகிறார், அவ்வளவுதான். இன்றைக்கு எனக்குப் பிடித்த ஆல்பம் எது என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பயத்தோடு கேட்டால் எந்தப் பாட்டும் ரிப்பேர் சத்தமாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

சாயங்காலம் மச்சான் வந்தார். பெருமையாகப் போட்டுக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கினார்.

"இழுக்குதே மாப்ள. எதையாச்சும் திருகுனீங்களா?"

"இல்ல மச்சான்."

"நகருங்க."

அவரே குனிந்து ஸ்பீடைக் கூட்டினார். தபலா ஓட ஆரம்பித்தது. பெண் வந்துவிட்டாள்.

"ஆங்... இப்ப சரி. என்ன குரல் பாருங்க அந்தப் பொண்ணுக்கு" என்று கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன்.

"அருமையான குரல் மச்சான்" என்றேன்.

மெஷின் அவருடையது. அதில் யார் பாடவேண்டும் என்று சொல்ல நான் யார்?