வெட்டின வயலில் ஒரு கதாநாயகன்

எங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், ஷீல்டுகளுக்கு நடுவே, ஒரு சாண் உயரத்தில் கரும்புக் கட்டை ஒன்று நிற்கிறது. வேரைச் சீவி, இரண்டு முனையையும் ரம்பத்தால் சமமாக அறுத்து, தேக்குப் பீடத்தில் பொருத்தி, வார்னிஷ் அடித்து வைத்தது. வருகிறவர்கள் ஷீல்டைப் பார்ப்பதில்லை, அதைத்தான் பார்ப்பார்கள். “இது என்னாங்க, சந்தனக் கட்டையா?” என்பார்கள். நான் ஒரு கதை சொல்வேன். பதினாறு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நான் சொல்லாவிட்டாலும் சிதம்பரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பத்து வருஷம் பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டினேன். ஒரு நாள் படமெடுக்க வந்தவர்களின் வேன் சேற்றில் சிக்கிக்கொண்டது. டிராக்டரில் கட்டி இழுத்துவிட்டேன். இந்தப் பக்கம் பழைய ரைஸ் மில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள், கூட்டிப்போய்க் காட்டினேன். அன்றைக்குப் பிடித்த தொழில். கடலூர் முதுநகர்த் துறைமுகமா, பிச்சாவரத்துக் கால்வாயா, திருவதிகைப் பக்கம் பலாத்தோப்பா, அண்ணாமலை நகரில் பழைய குவார்ட்டர்ஸா, எது வேண்டுமென்றாலும் முதலில் என் வீட்டுக் காலிங் பெல்லைத்தான் அழுத்துவார்கள். எம்.ஏ. படித்த உதவி இயக்குநர்கள் என் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வருவார்கள். இடம் பிடித்துக் கொடுப்பதில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகவும்தான் இருக்கிறது.

ஆனால் இடம் என்றால் என்ன என்று எனக்குச் சொன்னவர் ஒரே ஒரு இயக்குநர்தான். மற்றவர்கள் வந்தால் ‘அழகா ஒரு எடம் வேணும்ணே’ என்பார்கள். இவர் வந்ததும், “ஒரு ஆள மாத்துற எடம் காட்டுங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். முதலில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஐஸ் உடைக்கிற கொட்டகையில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. பக்கத்தில் மீன் ஏலம் போட்டவர்கள், “என்னா, சாமியாரா?” என்று என்னைக் கேட்டார்கள். எந்த இடத்தைப் பார்த்தாலும் அவர் இப்படித்தான் செய்வார் என்று பிறகு தெரிந்தது. எழுந்ததும், “இங்க நாலு நாள் வேல செஞ்சவன் மெதுவா பேச மாட்டான்” என்றார். அங்கே அவர் எடுத்த படத்தில் பட்டணத்திலிருந்து வருகிற கணக்குப்பிள்ளைப் பையன் முதல் காட்சியில் முணுமுணுப்பான். கடைசிக் காட்சியில், ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு மேலே, முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். யாரும் அவனுக்கு வீரம் கற்றுக் கொடுக்கவில்லை. கொட்டகை இரைச்சல்தான் கொடுத்தது.

அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் கதாநாயகனின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். மணலில் நடக்கிறவன் ஒரு மாதிரி, அலையாத்திக் காட்டுச் சேற்றில் நடக்கிறவன் ஒரு மாதிரி. ஹாஸ்டல் வராந்தாவில் வளர்ந்தவன் பத்துப் பேர் பார்க்கிற மாதிரியே நடப்பான். தரைக்கும் நடைக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அந்தப் படம் ஓடாது என்று இடைவேளையிலேயே சொல்லிவிடுவேன். முக்கால்வாசி பலித்திருக்கிறது. இயக்குநர் இதையே வேறு மாதிரி சொல்வார். “எடம் மாறுனா ஆள் மாறணும். மாறலன்னா அவன் ஹீரோ இல்ல, பொம்ம.”

அடுத்த படத்துக்கு அவருக்குக் கரும்புக் கொல்லை வேண்டியிருந்தது. பெரிய இடத்து ஆளை அடித்துவிட்ட ஒரு பையன் ஓடிவந்து கரும்புக்குள் ஒளிகிறான். பயந்தாங்கொள்ளியாகத்தான் உள்ளே போகிறான். மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கிறான். தோகை முகத்தைக் கீறுகிறது. பக்கவாட்டில் நடக்கப் பழகுகிறான், காற்று எது, ஆள் எது என்று காதாலேயே பிரிக்கிறான். கரும்பு வளர வளர அவன் தைரியமும் வளர்கிறது. உள்ளே இருந்து அவன் ஒரு சத்தம் போட்டால் ஊரே வரப்போடு நின்றுவிடும். கடைசியில், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற கரும்புக்குள் பெரிய சண்டை. இதுதான் கதை.

கரும்பு என்று சொன்னதும் எனக்குக் கொண்டாட்டம். பெண்ணாடத்தில் எனக்குத் தெரியாத கொல்லையா? சொந்தமில்லை என்றாலும் நான் மாமா என்று கூப்பிடுகிற விவசாயி ஒருவர். டிராக்டர் காலத்திலிருந்தே பழக்கம். அவர் கொல்லையைப் பேசி முடித்தேன். மாமா சொன்னது ஒன்றுதான்: “மாப்ள, நான் கை வெக்க மாட்டேன். மில்லு கட்டிங் ஆர்டர் குடுத்தா வெட்டித்தான் ஆவணும், அத மட்டும் உங்க சாருகிட்ட சொல்லிடு.” எந்தக் கொல்லையை எந்த வாரம் வெட்டுவது என்று ஆலைதான் உத்தரவு கொடுக்கும். அது வந்தால் வெட்டுகிற ஆட்கள் இறங்கிவிடுவார்கள். தள்ளிப்போட்டால் கரும்பு பூ எடுத்து எடை போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும் என்றுதான் நினைத்தேன். இயக்குநரிடம் அதைச் சொல்லவே இல்லை. “மாசி வரைக்கும் நிக்கும் சார். சம்சாரி சத்தியம் பண்ணியிருக்காரு” என்று, மாமா சொல்லாததை நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

இடுப்பளவு கரும்பில் ஒரு தடவை, தலைக்கு மேலே வளர்ந்த பிறகு ஒரு தடவை வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை தை மாதக் கடைசியில். மார்கழியில் மாமா போன் செய்தார்.

“மாப்ள, ஆர்டர் வந்துடுச்சு. பொங்கல் முடிஞ்சதும் ஆளு எறங்கிடும். சாருக்குச் சொல்லிடு.”

“இப்பவே எப்படி மாமா வரும்? நான் பாத்துக்குறேன். மில்லு பூரா நம்ம ஆளுங்கதான்.”

மில்லில் நம்ம ஆள் ஒருத்தர்கூட இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் ரிடையர் ஆகிவிட்டார்கள். நேரில் போனேன். கரும்பு ஆபீசில் இருந்த சின்ன வயசுத் தம்பி மரியாதையாக எழுந்து நின்று, ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது கட்டக் கரும்புங்க. நட்ட கரும்பு இல்ல. முன்னாடியே முத்திடும். உங்களுக்குத் தெரியாததா?”

ஒரு தடவை வெட்டின கரும்பின் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வருவது கட்டைக் கரும்பு. புதிதாக நட்டதைவிட ஒரு மாதமாவது முன்னால் வெட்டுக்கு வந்துவிடும். கரும்பு ஜில்லாவில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். நான் மாமாவைக் கேட்கவே இல்லை. வரப்பில் நின்று தூரைக் குனிந்து பார்த்திருந்தாலே பழைய கட்டை தெரிந்திருக்கும். பத்து வருஷம் கரும்போடு இருந்தேன் என்று மார்தட்டினேனே, நான் பார்த்ததெல்லாம் வெட்டிக் கட்டி டிரெய்லரில் ஏற்றின கரும்பு. அது மண்ணில் நின்றதை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை.

அப்போதாவது இயக்குநருக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஏதாவது நடந்து நின்றுவிடும் என்று நம்பினேன். ஒன்றும் நிற்கவில்லை. சொன்ன தேதியில், காலை ஏழு மணிக்கு, பதினாலு வண்டிகள் வந்து நின்றன. எதிரே பளிச்சென்று வெட்டாந்தரை. காய்ந்த தோகையைக் கொளுத்தின கருப்பு, அதற்கு நடுவே வரிசை வரிசையாகக் கட்டை. ஸ்டண்ட் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மேனேஜர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். ஒரு வார்த்தைதான் கேட்டார். “என்னாச்சு?”

“சம்சாரி வார்த்த தவறிட்டாரு சார். ஏமாத்திட்டாரு.”

இருபதடி தூரத்தில், மோட்டார் கொட்டகைப் பக்கம், மாமா நின்றிருந்தார். கேட்டிருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் ஷூவைக் கழற்றிவிட்டு அந்த வயலின் நடுவே போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். எழுந்தபோது உள்ளங்காலில் ரத்தம். கதாநாயகனைக் கூப்பிட்டு, “செருப்பக் கழட்டிட்டு ரோடு வரைக்கும் நட” என்றார். வெட்டின கட்டை கத்தி மாதிரி இருக்கும். அந்தப் பையன் ஒவ்வொரு அடிக்கும் இடம் தேடித் தேடி வைத்து, கையை விரித்து, குழந்தை மாதிரி நடந்தான். சண்டையைத் தூக்கிவிட்டார்கள். படத்தில் ஒரு காலை ஊர் விழித்துப் பார்க்கிறது, கரும்பு இல்லை. ஊரை நடுங்க வைத்தவன் ஒல்லிப் பையனாக நடுவயலில் நிற்கிறான். ஒளிய இடமில்லை. ஓடவும் முடியாது, கட்டை விடாது. மெதுவாக நடந்து ரோட்டோர டீக்கடைக்கு வந்து, “அண்ணே, ஒரு டீ” என்கிறான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்து குடிக்கிறான். படம் அதோடு முடிகிறது. கரும்பு அவனைப் பயங்கரமானவன் ஆக்கியது. வெட்டின வயல்தான் மனுஷன் ஆக்கியது. படம் நூறு நாள் ஓடியது. அன்றைக்கு வயலிலிருந்து ஒரு கட்டையைத் தோண்டி எடுத்து வைத்திருந்தார் இயக்குநர். நூறாவது நாள் விழாவில் அதை என் கையில் கொடுத்து, “இது உங்களுக்குத்தான்” என்றார். சிதம்பரத்தில் ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல, பீடம் செய்ய வைத்தேன்.

கெடுதல் என்னவென்றால், இயக்குநர் எல்லா மேடையிலும் இதைச் சொன்னார். ஒரு விவசாயி வார்த்தை தவறினார், எனக்குப் படம் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். டிவியில் வந்தது. பெண்ணாடத்திலும் டிவி இருக்கிறதே. ஒரு தடவை அங்கே டீக்கடையில் என் காதாலேயே கேட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் மாமா, நாளைக்குத் தண்ணி பாய்ச்ச மோட்டார் தருகிறேன் என்றார். அவர் சிரித்துக்கொண்டு, “இது சினிமாக்காரனுக்குக் குடுத்த வார்த்தயா, இல்ல நெஜமாவேவா?” என்றார். கடையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். நான் அங்கே இருந்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என் தொழில் போய்விடும் என்று பயந்தேன். அந்த ஊரில் பத்திரம் எழுதாமல் வாய்ப்பேச்சிலேயே நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவர் அவர். அவரிடம் இருந்ததே அந்த வார்த்தைதான்.

போன வருஷம் அண்ணாமலை நகரில் மாணவர்கள் ஒரு திரைப்பட விழா நடத்தினார்கள். இயக்குநர் வந்திருந்தார். நான் முன்வரிசையில், வெள்ளைச் சட்டை, புது வேட்டி. ஒரு பெண் எழுந்து, அந்த வெட்டின வயல் யோசனை எப்படி வந்தது என்று கேட்டாள். இயக்குநர் வழக்கம்போல விவசாயி கதையை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “சாட்சியே இங்க இருக்காரு. அவரே சொல்லட்டும்” என்று மைக்கை என்னிடம் அனுப்பினார்.

மேடையில் பேசுவது எனக்குச் சர்க்கரை. அன்றைக்கு மைக்கை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். திரையில் அந்தப் பையன் கையை விரித்துக்கொண்டு வெட்டாந்தரையில் நிற்கிற படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சொன்னேன். “சம்சாரி வார்த்த தவறல. நான்தான் பொய் சொன்னேன். அது கட்டக் கரும்புன்னு எனக்குத் தெரியல.” முழுவதும் சொன்னேன். உட்கார்ந்தபோது, பதினாறு வருஷம் தலையில் சுமந்த கட்டை இறங்கின மாதிரி கழுத்து லேசாக இருந்தது. தொழில் போனால் போகட்டும் என்று தோன்றியது.

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். என் கையிலிருந்த மைக்கை மூடிக்கொண்டு, “அவர் வீடு இப்பவும் அங்கயேதான?” என்றார். விருத்தாசலம் வழியாக என் காரிலேயே போனோம்.

மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இயக்குநர் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். “தப்பா பேசிட்டேங்க, ஊர் பூரா. இனிமே ஊர் பூரா சரியா பேசுறேன்” என்றார். மாமா பதறி வாளியைக் கீழே வைத்தார். நான் தலையைக் குனிந்தபடி, “ஏன் மாமா அன்னிக்கே சொல்லல?” என்று கேட்டேன்.

“என்னான்னு சொல்றது? பத்து வருசம் கரும்பு ஓட்டுனவனுக்குக் கட்டக் கரும்புக்கும் நட்ட கரும்புக்கும் வித்தியாசம் தெரியலன்னா? வார்த்த தவறுனவன்னா கொஞ்ச நாளு சிரிப்பானுவ. இதச் சொல்லியிருந்தா உன்ன இந்தப் பக்கமே தல காட்ட வுட மாட்டானுவ மாப்ள.”

இயக்குநர் சிரித்தார். அப்புறம் நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. என் தொழில் போகவில்லை. சொன்னபடியே இயக்குநர் அதற்கடுத்த மேடையில் கதையைத் திருத்திச் சொன்னார், மாமா பெயரோடு.

இந்தப் பொங்கலுக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் போய் நின்றார். ஷீல்டைப் பார்க்கவில்லை. கட்டையைப் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

“மாப்ள, இத யாரு நிறுத்துனது?”

“நான்தான் மாமா, கூடவே ஒக்காந்து செஞ்சேன்.”

“தலகீழா நிக்குது. கண்ணு பாரு, பூமியப் பாக்குது. மொளைக்கிற கண்ணு மேலதான பாக்கும்?”

கணுவுக்குக் கணு ஒட்டிக்கொண்டிருந்த முளைகள் எல்லாம் கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் தினமும் துடைத்து வைத்தவன் நான். “திருப்பி வெச்சிடவா மாமா?” என்றேன். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “இருக்கட்டும் வுடு” என்றார்.

அப்படியே இருக்கிறது. இப்போது யாராவது வந்து சந்தனக் கட்டையா என்று கேட்டால், அலமாரியைத் திறந்து அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எது மேல், எது கீழ் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்கிறேன். கரும்பு விளைகிற ஊர்க்காரர்கள் பார்த்ததும் சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு நான் சொல்கிறேன், இதைத் தலைகீழாக நிறுத்தினவன் நான்தான் என்பதிலிருந்து ஆரம்பித்து.